வெற்றுத் திரையைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது

கேள்வி: எனக்கு 29 வயது. பி.காம். முடித்துவிட்டு ஆறு வருடமாக ஒரு லாரி உரிமையாளரின் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். டிரிப் ஷீட், டீசல் பில், டிரைவர் படி, ஜிஎஸ்டி எல்லாம் என் பொறுப்பு. எக்செல், டேலி நன்றாகத் தெரியும். கோடிங் கற்றுக்கொண்டு ஐடி வேலைக்குப் போக ஆசை. ஒரு வருடத்தில் யூடியூபில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கான மூன்று பாடத் தொடர்களைத் தொடங்கி, மூன்றையும் பாதியில் விட்டேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக எழுத உட்கார்ந்தால், வெற்றுத் திரையைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது. நான் தமிழ் மீடியம், கணக்கிலும் சுமார்தான். ஒரு பயிற்சி மையத்தில் 65,000 ரூபாய் கேட்கிறார்கள். நூறு சதவீதம் வேலை உறுதி, தவணையில் கட்டலாம் என்கிறார்கள். சேரலாமா? எந்தப் புரோகிராமிங் மொழியில் தொடங்குவது? ஏஐ எல்லாவற்றையும் எழுதித் தரும்போது இனிமேல் கற்று என்ன பயன் என்று தம்பி கேட்கிறான். என் வயதுக்கு இது சரிவருமா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வயது, ஆங்கிலம், பணம், ஏஐ என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பார்த்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது என்று, அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது சரியாகிவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு உங்களுக்கே பதில் தெரிந்துவிடும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உங்கள் வரியைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அதனால் உங்களுக்கு மூளை போதவில்லை என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

வாசலில் அம்மா நெளிக் கோலம் போடுவதை வருடக்கணக்கில் பார்த்திருப்பீர்கள். கம்பி எந்தப் புள்ளியைச் சுற்றி எப்படித் திரும்புகிறது என்பது பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். மாவுக் கிண்ணத்தை நம் கையில் கொடுத்தால் நாலாவது புள்ளியில் திகைத்து நிற்போம். பார்த்ததெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்து எந்தப் பக்கம் வளைப்பது என்ற முடிவை அதுவரை நாம் ஒருமுறைகூட எடுத்ததில்லை. வீடியோவிலும் அதே கதைதான். எந்தப் பெயர் வைப்பது, எதை முதலில் கேட்பது, எதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி லூப் போடுவது என்ற முடிவுகளை எல்லாம் சொல்லித் தருபவர் எடுத்துவிடுகிறார். நமக்கு மிஞ்சுவது தலையாட்டுவது மட்டும்.

(கோலம் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணினிக்குப் புரியும் இலக்கண விதிகளாக எழுதினார்கள். 1974-ல் அந்த ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஒரு சின்ன விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய கோலம் வந்துவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதும் தெரிந்த விஷயம். கம்ப்யூட்டர் பாடத்தில் அதற்குப் பெயர் லூப்.)

வீடியோவில் இன்னொரு குறை உண்டு. அதில் தப்பே வராது. வந்தாலும் வெட்டிவிடுவார்கள். உண்மையில் இந்த வேலையில் பாதி நேரம் தப்போடுதான் போகிறது. எழுதிய நேரத்தைவிட, ஏன் ஓடவில்லை என்று தேடிய நேரம்தான் எனக்கு அதிகம். அந்தப் பாதியை வீடியோ உங்களுக்குக் காட்டவே இல்லை.

என் கதையையும் சொல்கிறேன். கல்லூரியில் எங்களுக்கு, சி மொழி எழுதும் பழைய மென்பொருளான டர்போ சி-யின் நீலத் திரை. வாரத்துக்கு ஒரு லேப், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பிராக்டிகல் தேர்வுக்கு என்று இருபது புரோகிராம்களின் பட்டியல் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்து அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். முதல் நேர்முகத் தேர்வில், ஒரு பட்டியலில் இருக்கும் எண்களில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அந்த இருபதில் அது இல்லை. பேனாவைப் பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தேன். ஊருக்குத் திரும்பி, அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதப் பார்த்தேன். நான் உண்மையாகக் கற்க ஆரம்பித்தது அன்றுதான். காரணம் எளிது. எந்த வீட்டுக்காரர் எவ்வளவு பாக்கி என்பது எனக்கு முன்பே தெரியும். புரோகிராம் தப்பாகச் சொன்னால், பார்த்த மாத்திரத்தில் தப்பு என்று தெரிந்துவிடும். அப்புறம் ஏன் தப்பு என்று தேடாமல் தூக்கம் வராது.

உங்களுக்கும் நான் சொல்வது இதுதான்: விடை உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். உங்களிடம் அது கட்டுக்கட்டாக இருக்கிறது. டிரிப் ஷீட்!

ஒரு லாரி ஹைதராபாத் போய்த் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது மீட்டர் 184200, திரும்பும்போது 185860. வழியில் இரண்டு முறை டீசல் போட்டார்கள், 200 லிட்டர், 215 லிட்டர். மைலேஜ் என்ன? 1,660 கிலோமீட்டர், 415 லிட்டர், லிட்டருக்கு 4. இதை நீங்கள் வாயாலேயே சொல்லிவிடுவீர்கள். இதைக் கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பதுதான் உங்கள் முதல் புரோகிராம்.

முதலில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஆபீஸில் நேற்று சேர்ந்த ஒரு பையனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தருவதாக நினைத்து, ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். கிளம்பிய மீட்டரைக் கேள். திரும்பிய மீட்டரைக் கேள். முதல் டீசலைக் கேள். இரண்டாவது டீசலைக் கேள். மீட்டரைக் கழி. டீசலைக் கூட்டு. முதலாவதை இரண்டாவதால் வகு. விடையைக் காட்டு. எட்டு வரி வந்துவிட்டதா? புரோகிராம் அங்கேயே முடிந்தது. இனி மிச்சம் இருப்பது அந்த எட்டு வரியைப் பைத்தானுக்குப் புரியும் வடிவத்தில் மாற்றுவது. வெற்றுத் திரை பயமுறுத்துவதற்குக் காரணம், என்ன செய்வது என்பதையும் எப்படி எழுதுவது என்பதையும் ஒரே நேரத்தில் யோசிப்பது. தாளில் முதலாவதை முடித்துவிட்டால் திரையில் இரண்டாவது மட்டும்தான் பாக்கி. இன்றைக்கும் சிக்கலான வேலை வந்தால் நான் தாளில்தான் தொடங்குகிறேன்.

இப்போது தட்டுங்கள். கட்டாயம் தப்பு வரும், வர வேண்டும். என்னென்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பைத்தானில் நீங்கள் கேட்டு வாங்கும் எதுவும் முதலில் எழுத்தாகத்தான் வந்து சேரும். 200 என்று தட்டினாலும் அதற்கு அது இரண்டு, சைபர், சைபர் என்ற மூன்று எழுத்து. எழுத்தையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால் ஒட்டி வைக்கும். இரண்டு டீசலையும் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் எண்ணாக மாற்றினீர்கள் என்றால், 415-க்குப் பதில் 200215 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளும். மைலேஜ் 0.008 சொச்சம் என்று காட்டும். சிவப்பு எழுத்தில் எரர் எதுவும் வராது. புரோகிராம் நன்றாக ஓடியது போலவே இருக்கும். லாரியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். லிட்டருக்கு எட்டு மீட்டர் போகிற லாரி உலகத்தில் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆறு வருட அனுபவத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை இங்கேதான் பார்க்கிறேன்.

அடுத்தது, மீட்டரை 1,85,860 என்று நம் வழக்கப்படி கமா போட்டுத் தட்டினால் வேல்யூ எரர் என்று நின்றுவிடும். கமாவோடு இருப்பதை எண்ணாக மாற்ற அதற்குத் தெரியாது. டீசல் பில் தொலைந்துபோன டிரிப்புக்கு லிட்டரில் 0 போட்டிருந்தால், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று நிற்கும். ஒரு வரி உள்ளே தள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தள்ளாமல் எழுதினால் இன்டென்டேஷன் எரர். பைத்தானில் வரி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கே அர்த்தம் உண்டு, நான்கு இடைவெளி விடுவது வழக்கம். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் நேம் எரர்.

எரர் வந்தால் திரை நிறைய ஏதேதோ வரும். பயப்படாமல் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன கோளாறு என்பது அதில் இருக்கும். அதற்கு மேலே, எந்த வரியில் நின்றது என்ற எண் இருக்கும். இந்த இரண்டு போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடது பக்கம் எரர் வந்த வாசகம், வலது பக்கம் அது ஏன் வந்தது என்று தமிழில் உங்கள் வார்த்தையில். என்னிடம் வருகிறவர்களிடம் நான் கட்டாயப்படுத்துகிற ஒரே விஷயம் இந்த நோட்டுதான். வந்த எரரே திரும்பத் திரும்ப வருவதை ஒரு மாதத்துக்குள் கவனித்துவிடுவீர்கள், அதோடு பயமும் குறைந்துவிடும்.

இன்னொரு பழக்கம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஐந்து இடத்தில் மாற்றிவிட்டு ஓட்டினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது. எங்கே தப்பு என்று புரியவில்லையா, நடுவில் ஒவ்வொரு படியிலும் அப்போதைய மதிப்பைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது பக்கம் பக்கமாகக் கூட்டிக்கொண்டு வருவீர்களே, அதே வேலைதான் இதுவும்.

அந்த எட்டு வரி ஓடிவிட்டால், அதையே வளர்த்துக்கொண்டு போங்கள். புதிதாக வேறொன்றைத் தேடி ஓடாதீர்கள். மைலேஜ் 3.5-க்குக் கீழே போனால் எச்சரிக்கை காட்டு என்று சேர்த்தால் நிபந்தனை கற்றுக்கொண்டீர்கள். எக்செல்லில் இஃப் ஃபார்முலா போட்டிருப்பீர்கள் அல்லவா, அதேதான். ஒரு டிரிப்புக்குப் பதில் பத்து டிரிப்பை வரிசையாகக் கணக்கிடு என்றால் பட்டியலும் லூப்பும் வந்துவிடும். மைலேஜ் கணக்கைத் தனியாகப் பிரித்து அதற்கு ஒரு பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஃபங்ஷன். பிறகு, எக்செல் ஷீட்டை சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாகச் சேமித்து, அதைப் புரோகிராமே படித்து, லாரி வாரியாக மாதக் கணக்கைப் பிரித்துத் தர வேண்டும். இதுவரை வந்துவிட்டால் நீங்கள் தொடக்க நிலையைத் தாண்டிவிட்டீர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தக் கடைசிப் படியில் ஒரு வேடிக்கையைப் பார்ப்பீர்கள். உங்களிடம் இருப்பது ஏழு லாரி என்றால் புரோகிராம் பதினொரு லாரி என்று சொல்லும். டிஎன் 28 என்று தொடங்கும் வண்டி எண்ணை ஒரு நாள் இடைவெளி விட்டு எழுதியிருப்பீர்கள், இன்னொரு நாள் சேர்த்து எழுதியிருப்பீர்கள். நமக்கு ஒரே வண்டி, கம்ப்யூட்டருக்கு இரண்டு வண்டி. தேதியிலும் இதே தொல்லை வரும். 03/04 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? கம்பெனிகளில் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லும் டேட்டா வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட அழுக்கை எடுப்பதுதான். பாடப் புத்தகத்தில் வரும் பயிற்சிகளில் எல்லாம் சுத்தமாக இருக்கும், அதனால் இதைக் கற்க முடியாது.

இதையெல்லாம் எக்செல்லிலேயே பிவட் (தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டுச் செய்துவிடலாமே என்று நினைப்பீர்கள். செய்யலாம். அதனால்தான் இதைக் கொடுக்கிறேன். ஒரு பக்கம் எக்செல் விடை, இன்னொரு பக்கம் உங்கள் புரோகிராமின் விடை. இரண்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும்வரை விடாதீர்கள். பைசா என்றதும் நினைவுக்கு வருகிறது: தசமப் புள்ளி எண்களைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் வேறு மாதிரி வைத்துக்கொள்ளும். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். அதனால் பணக் கணக்கு எழுதும்போது எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஒரிஜினல் கோப்பைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

எந்த மொழி என்ற கேள்விக்கு நான் அதிகம் மெனக்கெட மாட்டேன். பைத்தான் போதும். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட மொழி இது. அதற்கு முன்னால் அவர் வேலை செய்தது ஏபிசி என்ற மொழியில், அது கற்பிப்பதற்கு ஏற்றபடி உருவாக்கப்பட்டது. பைத்தான் கண்ணுக்கு எளிமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் வேலை கோப்பும் கணக்கும் என்பதால் அது நன்றாகப் பொருந்தும். இணையதளம் வடிவமைக்க ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட் என்று சொல்லியிருப்பேன். ஜாவாவா பைத்தானா என்று வாரக்கணக்கில் வீடியோ பார்ப்பதில் பயனில்லை. ஒரு மொழியில் நன்றாக யோசிக்கப் பழகிவிட்டால் இரண்டாவது மொழிக்கு அவ்வளவு நாள் ஆகாது.

நிறுவுவதற்கு, பைத்தானை எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் தான்னி (Thonny) என்ற இலவச மென்பொருளைச் சொல்வேன். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காக உருவானது. பைத்தானும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால் நிறுவுவதில் வரும் தலைவலி இல்லை. ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டி, அந்த நேரத்தில் எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். 200-ம் 215-ம் ஒட்டிக்கொள்வதை அதில் கண்ணாலேயே பார்க்கலாம். இதற்குப் புது லேப்டாப் தேவையில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினே போதும். அது கைக்கு வரும்வரை ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு ஆப்பில் சின்னச் சின்னதாக எழுதிப் பார்க்கலாம், ஆனால் போன் விசைப்பலகையில் பத்து வரியைத் தாண்டினால் அலுத்துவிடும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். இந்தக் கவலை உங்களை நிறைய அழுத்துகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. பைத்தான் மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தம் 35. முதல் இரண்டு மாதத்தில் அதில் பத்துப் பன்னிரண்டுதான் கைக்கு வரும். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். டீசல், மீட்டர், வாடகை என்று தமிழ் எழுத்தில் எழுதினாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். கம்பெனி வேலையில் மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் ஆங்கில எழுத்தில் வைப்பார்கள், ஆனால் பழகும்போது உங்களுக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைச் சொற்களே தமிழில் இருக்கும் எழில் என்ற மொழிகூட இருக்கிறது. வேலைக்கு அது உதவாது, ஆனால் யோசிப்பதற்கு ஆங்கிலம் கட்டாயமில்லை என்பது அதைத் தொட்டுப் பார்த்தால் மனதில் பதியும். போகப் போக ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்தே ஆக வேண்டும், அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த எரர் நோட்டு அதற்கும் சேர்த்துத்தான்.

கணக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் செய்யப்போகும் வேலைக்குக் கூட்டல், கழித்தல், வகுத்தல், சதவீதம் போதும். தரவிலிருந்து கம்ப்யூட்டரையே கற்க வைக்கும் மெஷின் லேர்னிங் பக்கம் போனால்தான் கல்லூரிக் கணிதம் வேண்டும். ஆறு வருடம் ஜிஎஸ்டி தாக்கல் செய்தவர் கணக்கில் சுமார் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

65,000 ரூபாய் விஷயத்தில் என் பதில் தெளிவானது. இப்போது கட்டாதீர்கள். நல்ல பயிற்சி மையங்களும் இருக்கின்றன. ஆனால் யாராலும் இன்னொரு கம்பெனியின் வேலையை நூறு சதவீதம் உறுதி கொடுக்க முடியாது. என் உறவில் ஒரு பெண் இப்படித்தான் ஒரு மையத்தில் சேர்ந்தாள். தவணை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அது உண்மையில் ஒரு கடன் நிறுவனத்திடம் அவள் பெயரில் எடுத்த கடன். இரண்டு மாதத்தில் வகுப்பு பிடிக்காமல் நின்றுவிட்டாள், மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. சேர்ந்தே தீர வேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால், வேலை உறுதி என்பதை எழுத்தில் கேளுங்கள், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். போன பேட்சில் படித்த நாலு பேரை, மையம் காட்டும் ஆட்களாக இல்லாமல் நீங்களே தேடிப் பேசுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அதுவரை இலவசமாகவே நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் பல தமிழிலும் உண்டு. ஒரு பக்கம் வீடியோ, மறுபக்கம் நீங்களும் கூடவே செய்து பார்ப்பது என்ற முறையில் அமைந்தவை அவை. கணியம் அறக்கட்டளை கணினி சார்ந்த பல விஷயங்களை எளிய தமிழில் எழுதி இலவச மின்னூல்களாகத் தருகிறது. உங்கள் டிரிப் ஷீட் புரோகிராம் ஓடிய பிறகு, சென்னைக் கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது, அதைப் பாருங்கள். கொஞ்சம் கனமானது, முதல் நாளே அதைத் திறக்க வேண்டாம். பட்டமாகவே படிக்க வேண்டும் என்று பின்னால் தோன்றினால் ஐஐடி மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்பு இருக்கிறது, அதற்கு வயது வரம்பு இல்லை. ஆனால் எந்தப் பாடத்தைப் பார்த்தாலும் ஒன்று செய்யுங்கள். பத்து நிமிடம் பார்த்ததும் நிறுத்தி, அதை மூடிவிட்டு, பார்க்காமல் எழுதுங்கள். எழுத வராவிட்டால் மறுபடி பாருங்கள். அப்புறம் அதே உத்தியை டிரிப் ஷீட்டில் எங்கே வைக்கலாம் என்று யோசியுங்கள்.

இனி தம்பியின் கேள்வி. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் மேலே சொன்ன மைலேஜ் புரோகிராமைச் சாட்ஜிபிடியிடம் கேட்டால் சில நொடிகளில் எழுதிக் கொடுத்துவிடும். நானும் தினமும் வேலையில் ஏஐ பயன்படுத்துகிறேன். அது எழுதித் தருவதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். சில சமயம், பார்க்க ரொம்பச் சரியாக இருந்துகொண்டே தப்பாக இருக்கும், அந்த 0.008 மாதிரி சிவப்பு எழுத்தே இல்லாமல். வெறும் வண்டியாகத் திரும்பி வந்த டிரிப்பையும் லோடு ஏற்றிய டிரிப்பையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. எழுதித் தர ஆள் வந்துவிட்ட பிறகு, சரிபார்க்கத் தெரிந்தவருக்குத்தான் வேலை அதிகம். சரிபார்க்க வேண்டுமானால் வரி வரியாகப் படித்து இது என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். அது தானே எழுதித் தடுமாறியவருக்குத்தான் வரும், எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

அதனால் முதல் இரண்டு மாதம் ஏஐயிடம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். இருபது நிமிடம் நீங்களே முட்டி மோதுங்கள். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால், எரரை ஒட்டி, விடையைச் சொல்லாதே, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் தமிழில் சொல் என்று கேளுங்கள். அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். முதலாளியின் கணக்கையோ டிரைவர்களின் போன் நம்பரையோ அதில் ஒருபோதும் ஒட்ட வேண்டாம்.

வயது 29 என்பது கற்பதற்குத் தடையே இல்லை. வேலை கிடைப்பதைப் பற்றி மட்டும் நேராகச் சொல்கிறேன். புதிதாகக் கல்லூரி முடித்தவர்கள் வரிசையில் போய் நின்று, பெரிய கம்பெனியின் டிரெய்னி வேலைக்குப் போட்டி போடுவது உங்களுக்குக் கடினம். நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. டேலிக்கு டிடிஎல் என்று தனியாக ஒரு மொழி இருக்கிறது, தெரியுமா? ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வேண்டியபடி பில்லையும் ரிப்போர்ட்டையும் மாற்றிக்கொள்ள அதில்தான் எழுதுவார்கள். டேலியும் தெரிந்து, கணக்கும் புரிந்து, எழுதவும் தெரிந்தவர்களுக்குச் சின்ன ஊர்களிலேயே வேலை இருக்கிறது. சரக்குப் போக்குவரத்துக்கும் கணக்குக்கும் மென்பொருள் தயாரிக்கும் கம்பெனிகளில், வாடிக்கையாளர் இடத்தில் போய் அதை நிறுவிச் சொல்லித் தரவும், சோதித்துப் பார்க்கவும் ஆள் தேவைப்படுகிறது. டிரிப் ஷீட் என்றால் என்னவென்று அங்கே உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால், இந்த மாதிரி வேலைக்கு மனுப் போடும் நிலைக்கு வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகலாம். அதுவரை இப்போதைய வேலையை விடாதீர்கள். சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை, நீங்கள் பழகுவதற்கான கணக்கெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போன மாதத்து டிரிப் ஷீட்டில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைலேஜைக் கையால் போட்டு ஓரத்தில் எழுதி வையுங்கள். தாளில் அந்த எட்டு வரியைத் தமிழில் எழுதுங்கள். பிறகு தான்னியைத் திறந்து முதல் வரியை மட்டும் தட்டி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் இரண்டாவது. எங்காவது நின்றால், எந்த வரியில் நின்றது, கடைசி வரியில் என்ன எழுதியிருந்தது என்று நோட்டில் குறித்து, கூடவே அது ஏன் என்று நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். பதில் போடுகிறேன்.